பாசி எதிர்க்காற்றில் போகாது

எங்கள் ஏரியில் மனிதர்கள் இறங்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இத்தனைக்கும் நான் ஏரிப்பக்கமே போவதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் குமட்டும். குடிநீர் வாரியத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நாளைக்கு ஒரு முறை காலை பத்தரை மணிவாக்கில் எங்கள் தலைக்கு மேலே போகிற செயற்கைக்கோள் எடுக்கும் படத்தைப் பார்த்து, தண்ணீர் எங்கே நன்றாயிருக்கிறது, எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்வேன். அவ்வளவுதான் என் வேலை.

இதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளி இருக்கிறது. சுத்தமான தண்ணீர் அதை அப்படியே விழுங்கிவிடும். மேலே பாசி மிதந்தால் விழுங்காது, வந்த வழியே திருப்பி அனுப்பும். விழுங்கும் இடத்தை வரைபடத்தில் நீலமாக்குவேன், திருப்பி அனுப்பும் இடத்தைச் சிவப்பாக்குவேன். என் படத்தில் ஒரு கட்டம் என்பது ஏரியில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதற்குள் யார் குளிக்கிறார்கள், யார் துவைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்.

அலுவலகத்தில் என் பெயர் ‘மேலிடம்’. மேலேயிருந்து பார்க்கிறேனாம். வைத்தவர் எங்கள் வேதியியலாளர். அவர் படகில் போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, ஆய்வகத்தில் சோதிக்கிறவர். போன வருடம் ஏரி தாண்டும் போட்டிக்கு முன்னால் என் படம் சிவப்பு என்றது, அவர் பாட்டில் சுத்தம் என்றது. பாட்டிலை நம்பினார்கள். நாற்பது பேர் உடம்பெல்லாம் தடித்து, சொறிந்துகொண்டே கரையேறினார்கள். அன்றிலிருந்து ஏரியைத் திறப்பதும் மூடுவதும் என் கையெழுத்தில்தான். வேதியியலாளருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல், ஆனால் நல்ல மனிதர்.

இந்த வருடப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வடகரையிலிருந்து தென்கரை வரை இரண்டு கிலோமீட்டர். நானூறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். போட்டி உண்டா இல்லையா என்று வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை ஏரியில் யாரும் கால் வைக்கக் கூடாது, வைத்தால் போட்டியில் இடமில்லை என்று மூன்று இடத்தில் பலகை வைத்திருந்தோம்.

அந்த நானூறு பேரில் ஒருவர் என் மாமியார். வயது அறுபத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது முட்டியை மாற்றினார்கள். முட்டிக்கு நல்லது, கொஞ்சம் தண்ணீரில் நடங்கள் என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நடக்கப் போனவர் நீந்தக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தினமும் ஒன்பதரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு காரில் கிளம்பினால் பன்னிரண்டுக்குத்தான் திரும்புவார். நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊர் முழுக்கப் பார்வை சரிசெய்கிறவருக்குத் தன் அம்மா மட்டும் எண்பது வயதுக் கிழவியாகவே தெரிந்தார்.

“முட்டி கழண்டு தண்ணிக்குள்ள விழுந்துட்டா யாரும்மா போய்த் தேடுறது? நான் கரைப்பக்கமே வர மாட்டேன், சொல்லிட்டேன்.”

“வராதே. பதற்றத்துல நீ விழுந்துட்டா உன்னையும் நான்தான் தூக்கணும்” என்பார் அத்தை.

என்னிடம் மட்டும் தினமும் காலையில் ஒரே கேள்வி. “உன் செயற்கைக்கோள் என்னம்மா சொல்லுது?”

சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போட்டிக்குப் பதினைந்து நாளைக்கு முன்னால் வந்த படத்தில் ஏரி முழுக்க நீலம். வடகரை நாணல் புதருக்கு நேரே, கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டரில், மூன்றே மூன்று கட்டம் மட்டும் சிவப்பு. மூன்று கட்டம்தானே என்று விட முடியாது. பாசி நினைத்தால் ஒரே வாரத்தில் முந்நூறு கட்டமாகும். ஐந்து நாள் கழித்து அடுத்த படம். மறுபடியும் மூன்று கட்டம், இப்போது கரையிலிருந்து நானூறு மீட்டர். போட்டி வாரத்துச் செவ்வாய்க்கிழமைப் படத்தில் அது ஏறக்குறைய ஏரியின் நடுவிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு முறையும் வேதியியலாளரை அனுப்பினேன். காலையில் அவருக்குக் குழாய்த் தண்ணீர்ச் சோதனை இருக்கும், அதனால் மதியம் இரண்டு மணிக்குப் படகில் போவார். கறுப்பும் வெள்ளையும் அடித்த தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. மூன்று முறையும் நாலு மீட்டர் வரை தட்டு பளிச்சென்று தெரிந்ததாம்.

“மேலிடம், அங்க பாசியும் இல்ல, பாசியோட சொந்தக்காரங்களும் இல்ல. குனிஞ்சா என் மொகம் தெரியுது. கொஞ்சம் வயசாயிட்ட மாதிரி தெரியுது, அது வேற விஷயம்.”

“போன வருஷமும் சார் இப்படித்தான் சொன்னீங்க” என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

புதன்கிழமை நானும் கொஞ்சம் ஆடிப்போனேன். மூன்று படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. ஆனால் இரண்டு வாரமாகக் காற்று தெற்கிலிருந்து வடக்கே அடிக்கிறது. மிதக்கிற பாசிக்குக் கையா காலா? காற்று தள்ளுகிற பக்கம்தான் அது போகும். எங்கள் பாசியோ எதிர்க்காற்றில், ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் அடுத்த கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இயக்குநரிடம் ஓடினேன். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார். படத்தைப் பார்த்தார், காற்றுக்குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவசரத்துக்கென்று எங்களுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு நுணுக்கப்படம் கேட்கும் உரிமை உண்டு. அதில் ஒரு கட்டம் அரை மீட்டர்தான். “கேளுங்க” என்றார்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எடுத்த படம் மதியம் மூன்று மணிக்கு என் திரையில் திறந்தது. ஏரியின் நடுவில் பச்சையாக ஒரு நீள்சதுரம். ஓரமெல்லாம் கத்தி வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தது. பாசிக்கு ஓரம் வெட்டிவிடுகிற ஆள் எந்த ஊரிலும் கிடையாது. அதைச் சுற்றி மஞ்சள் புள்ளிகள். எண்ணினேன். பன்னிரண்டு.

வேதியியலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

“மேலிடம், இது பாசி இல்ல. மெத்தை” என்றார். “உடற்பயிற்சிக்கூடத்துல விரிப்பாங்களே, அந்தப் பச்சை மெத்தை. சேர்த்துக் கட்டி மிதக்க விட்டிருக்காங்க. மஞ்சளா இருக்கறது தொப்பி. யாரோ திருட்டுத்தனமா நீச்சல் பழகறாங்க, மூச்சு வாங்கினா மெத்தையப் பிடிச்சுக்கறாங்க.” சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்து சிரித்தார். “ரெண்டு வாரமா எங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டாங்களே, யாருங்க இந்த மகராசங்க?”

நானும் சிரித்தேன். பாசி இல்லை. ஏரி சுத்தம். போட்டி உண்டு. என் மாமியார் நீந்தலாம். எழுந்து ஆடாத குறைதான். அப்படியே படத்தைக் கரைப்பக்கம் தள்ளினேன். நாணல் புதருக்குப் பின்னால் மரநிழலில் ஐந்து கார்கள் ஒளிந்து நின்றன. நிழலுக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது ஒரு நீல வண்டி. அதற்கு வெள்ளை பானெட்.

நீல வண்டிக்கு வெள்ளை பானெட் இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. சுவரில் மோதி நசுங்கிய பானெட்டுக்குப் பதிலாக வேறொரு வண்டியுடையதை மாட்டியபோது, “பெயின்ட் அடிக்காதீங்க, இப்படி இருந்தாத்தான் கூட்டத்துல என் வண்டி எனக்குத் தெரியும்” என்று சொன்ன மகராசி என் வீட்டில்தான் இருக்கிறார்.

கார்கள் தெரியாதபடி படத்தை மறுபடியும் ஏரிக்கே தள்ளிவிட்டேன்.

“இது மட்டும் போதாது” என்று வேதியியலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னிக்கு மெத்தை இருந்துச்சு, சரி. மத்த மூணு நாளும் இதே மெத்தைதான்னு யாராவது வந்து சொல்லணும். இல்லன்னா அந்த மூணு சிவப்பும் பாசிக் கணக்குலதான் இருக்கும், இயக்குநர் திறக்க மாட்டாங்க. ஆனா வந்து சொன்னா அவங்களுக்குப் போட்டி கிடையாது. பாவம், யார் பெத்த புள்ளைங்களோ.”

யார் பெற்றதோ தெரியாது, ஒன்று என் கணவரைப் பெற்றது என்று சொல்ல வாய் வரவில்லை. படத்தைத் தாளில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் அத்தை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவர் முன்னால் விரித்தேன். கண்ணாடியை மாட்டினார்.

“அட, நம்ம வண்டி” என்றார்.

“ஆமா.”

விரல் ஏரிக்குப் போனது. பச்சையில் நின்றது. மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இது நான். இது எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர், எப்பவும் தனியாத்தான் போவா. இவ மெத்தைய விடவே மாட்டா பாரு. ஏம்மா, நாங்க மேலேர்ந்து இவ்வளவு அழகாவா இருக்கோம்?”

“அத்தை, நீச்சல்குளம்னு சொன்னீங்களே.”

“குளத்துல ரெண்டு தடவை கையை வீசினா சுவர் வந்துடுதும்மா. முட்டி மாத்தினதுலேர்ந்து தரையில நடந்தா நான் கிழவி. சுவர் இல்லாத தண்ணியில இறங்கினாத்தான் நான் நானா இருக்கேன். அது சரி, பாசி பாசின்னு ரெண்டு வாரமாப் புலம்பினியே, அது எங்கே இருக்கு?”

“நீங்கதான் அத்தை அந்தப் பாசி.”

ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “முப்பத்தெட்டு வருஷம் வேலை பாத்தேன், ஒருத்தரும் என்னைக் கவனிச்சதில்ல. இப்ப வானத்துலேர்ந்து பாக்கறாங்க” என்றார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாமியாரை ஊரறிய மாசு என்று நிரூபித்த முதல் மருமகள் நான்தான் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் விலா வலித்தது. உள்ளே வந்த என் கணவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியதும் இருக்கிற நிலைமையைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

“அப்ப நாங்க வந்து சொன்னா எங்களுக்குப் போட்டி இல்ல. சொல்லலைன்னா யாருக்கும் போட்டி இல்ல” என்றார் அத்தை.

“ஆமா.”

“நீ என்ன பண்ணப் போற?”

“தெரியல அத்தை.” நிஜமாகவே தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது. அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். போட்டி எண் அச்சடித்த துணியைப் பதினைந்து நாளைக்கு முன்பே இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்தார்.

அவர் முகம் வாடித்தான் போனது. மஞ்சள் புள்ளிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

“எத்தனையோ பேர் பேச்சை இணைச்சு விட்டிருக்கேன். என் சௌகரியத்துக்காக ஒருத்தர் லைனையும் கட் பண்ணதில்ல. இப்ப நானூறு பேர் லைனைக் கட் பண்ணச் சொல்றியா? எழுது. ஆனா பாசின்னு எழுதாதே. ஆளுன்னு எழுது.”

எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு பேருக்கு போன் செய்வது கேட்டது. எண்கள் எழுதிய புத்தகம் வெளியே மேசையிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இயக்குநர் தன் அறையில் என் அறிக்கையைக் கையில் எடுத்தார். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அவர் அதைச் சத்தமாகவே படித்தார்.

“‘என் மாமியாரும் அவருடன் பணிபுரிந்த பதினொரு பேரும்.’ இது அரசாங்க அறிக்கைதானே?”

“ஆமாங்க மேடம்” என்றேன். வேதியியலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பன்னிரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, தேதி, மணி, கரையிலிருந்து எவ்வளவு தூரம், மெத்தையின் நீள அகலம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தக் காலத்து ஆபரேட்டர்களின் குரல், ஒரு எண் பிசகவில்லை. என் மூன்று சிவப்புகளும் மெத்தையோடு அட்சரசுத்தமாகப் பொருந்தின. மெத்தை போனபிறகு மதியம் பாட்டிலில் வந்த தண்ணீரும் சரி. வேதியியலாளரும் நானும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அன்றுதான்.

இயக்குநர் முதலில் போட்டிப் பட்டியலை எடுத்துப் பன்னிரண்டு பெயரையும் அடித்தார். அத்தை நிமிர்ந்து நின்று அதைப் பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு தடையை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். “ஏரி சுத்தம். இன்னிக்குப் பன்னிரண்டு மணியிலேர்ந்து திறந்தாச்சு.”

“அம்மா, ஒரு சந்தேகம்” என்றார் அத்தை. “பன்னிரண்டு மணியிலேர்ந்து யார் வேணும்னாலும் இறங்கலாமா?”

“இறங்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை போட்டியிலதான் எங்களுக்கு இடமில்ல. இன்னிக்கு ஏரியில உண்டு. சரிதானே?”

அதிகம் பேசாத இயக்குநருக்குச் சிரிப்பை அடக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “மனுஷங்க யாரும் இறங்கலாம். மெத்தை இறங்கக் கூடாது.”

பன்னிரண்டு இருபதுக்கு வடகரையில் பன்னிரண்டு மஞ்சள் தொப்பிகள். பார்க்க வந்தவர் யாருமில்லை. வேதியியலாளர் பாதுகாப்புக்கு வாரியத்துப் படகை எடுத்தார், நான் அதில் ஏறினேன். ஏறியதுமே குமட்டியது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மெத்தை இல்லாமல் அவர்கள் யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டேயிருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள்போல் இருந்தேன்.

பாதி ஏரியில் அத்தை நின்றுவிட்டார். மற்றவர்கள் முன்னே போனார்கள். இவர் கை ஓய்ந்து மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அத்தை, படகைப் பிடிங்க.”

“பிடிச்சாக் கணக்குல வராது.”

“யாரு அத்தை இங்க கணக்கு வைக்கறாங்க?”

மூச்சு மட்டும் மேலும் கீழும் போனது. வேதியியலாளர் என்னைப் பார்த்தார். போதும், தூக்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“இப்ப மேல போகுதா உன்னுது?”

“இல்ல அத்தை. இன்னிக்கு வராது.”

“நல்லதாப் போச்சு. மானம் தப்பிச்சுது” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக் கையை வீச ஆரம்பித்தார்.

முன்னே போன பதினொரு பேரைத் தவிர, தென்கரையில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நான் போனில் சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டு வந்த என் கணவர். கையில் ஒரு துண்டு. கரைப்பக்கமே வரமாட்டேன் என்றவர், அம்மாவின் தொப்பி நெருங்க நெருங்க, ஷூவோடு கணுக்கால் வரை, பிறகு முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை தண்ணீருக்குள் வந்துவிட்டார். வருகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தைக்குக் கால் தரையில் பட்டது. எழுந்து நின்றார். தள்ளாடினார். என் கணவர் கையை நீட்டினார். அத்தை அதைத் தட்டிவிட்டு ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார். மூன்றாவது அடியில் தானாகவே மகன் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். நான் வெளிப்படையாகவே அழுதேன். வேதியியலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஒரு மணி நேரம் இருபத்தொன்பது நிமிஷம்” என்று உரக்கச் சொன்னார். முன்னால் கரையேறியிருந்த பதினொரு பேரும் கைதட்டினார்கள்.

அத்தை துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். திரும்பி ஏரியை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு கிலோமீட்டர்னு சொன்னியே, சரியாத்தான் அளந்தியா? எனக்குப் பத்தலையேம்மா.”